வாசிக்கக் கேட்டு

ஆபரேஷனுக்குத் தள்ளிப்போக ஒன்பதே காலுக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போன சிஸ்டர் ஜெசிந்தா ஒன்பதரைக்கும் வரவில்லை. அதனால் கலியமூர்த்திக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. அது கிடைத்திருக்கவே கூடாது. காலை ஆறு மணிக்கே எழுப்பி, தாடி, கழுத்து, மார்பு என்று எல்லாவற்றையும் மழித்து, பச்சைத் துணி ஒன்றை முன்பக்கமாக மாட்டி முதுகில் நாடாவை முடிந்துவிட்டிருந்தார்கள். அறுபத்தேழு வயது மனுஷனைத் தொட்டில் பிள்ளை ஆக்குவதற்கு அந்த ஒரு நாடா போதும். இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றை, "இதெல்லாம் உள்ள வரக் கூடாது தாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் கத்தரியால் நறுக்கினாள். சொன்னதும் நறுக்கியதும் ஒன்றாகவே நடந்தன. கேட்டிருந்தால் அவரே அவிழ்த்துக் கொடுத்திருப்பார். கயிறு போனால் போகிறது, கோயில் வாசலில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கத்தரி இடுப்பில் சில்லென்று பட்ட அந்த இடத்தை விட்டு அவர் மனசு நகர மாட்டேன் என்றது. அங்கிருந்து மார்புக்குப் போயிற்று. மார்பை எதற்கு மழித்தார்கள்? கட்டி இருப்பது தொண்டையில். சின்னக் கட்டி என்றான் மகன். சுண்டைக்காய் அளவு என்று விரலைக்கூடக் குவித்துக் காட்டினான். ஒரு சுண்டைக்காயைப் பறிக்க ஏழு ஏக்கர் வேலியைப் பிரிப்பார்களா யாராவது? மழித்த இடத்தில் ஃபேன் காற்று பட்டு எரிந்தது. கையால் தடவிப் பார்த்தார். நாடியிலிருந்து நெஞ்சுக்குழி வரை தன் தோல் தன்னுடையது மாதிரியே இல்லை. "சிஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஆடி மாசத்திலிருந்து கட்டிக்கொண்ட குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது. யாரும் திரும்பவில்லை.

இந்தக் குரலா அது. ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரில் தகரக் கொட்டகையில் மேஜை போட்டு நாற்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் கலியமூர்த்தி. கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கக்கூடிய சகலத்துக்கும் அவரிடம் வாசகம் உண்டு. எங்கே தொடங்கினாலும் எல்லா வாசகமும் ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும்: எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும், வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்பி, மனப்பூர்வமாக. அதை அவர் வாசிக்கும்போது எதிர்ச் சாரியில் டீ ஆற்றுகிறவன்கூட கையை நிறுத்திக் கேட்பான் என்று பேர். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு கிணற்று மேட்டில் நடக்கிறாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டு மானத்தை வாங்குவார். அப்பேர்ப்பட்ட கலியமூர்த்தியின் பேரில் நேற்றுச் சாயங்காலம் ஆறு பக்கத்தில் ஒரு பத்திரம் முடிந்துபோயிற்று. எல்லாம் இங்கிலீஷ். சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னதாக இன்ட்டு போட்டிருந்தாள். அவரும் அப்படித்தான் போடுவார், அதே அளவு, அதே சாய்வு. கட்டில் காலடியில் நின்று மகன் மதியழகன் குனிந்தான், எழுதினான். பக்கம் புரண்டது, குனிந்தான், எழுதினான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "எனக்குடா?" என்று கேட்டார். "பேஷண்ட் போட வேணாம் தாத்தா, கூட இருக்கற அட்டெண்டர் போட்டாப் போதும்" என்றாள் சிஸ்டர். அவள் குரலில் ஒரு குற்றமும் இல்லை, ஏதோ சலுகை கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். எழுதிக் கொடுப்பவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், முழு நினைவோடு இருக்கிறார், கையும் விளங்குகிறது, ஆனால் அவர் போட வேண்டாம். இப்படி ஒரு பத்திரத்தை அவர் கொட்டகையில் எவனாவது கொண்டு வந்திருந்தால் கிழித்து முகத்தில் எறிந்திருப்பார். எறிந்திருப்பாரா என்று உடனே ஒரு சந்தேகமும் வந்தது, அதைத் தள்ளிவிட்டார்.

மதிக்குத் தெரியும், அவனுக்கு எல்லாம் தெரியும். இதுதான் மூன்று வாரமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, முடிவு வந்த அன்றைக்குப் பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஐயா கொஞ்சம் வெளிய இருங்க, பையன்கிட்ட பேசிடறேன்" என்றார். தங்கமான டாக்டர் என்றுதான் தஞ்சாவூர் முழுக்கச் சொன்னார்கள், அவரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார். கலியமூர்த்தி எழுந்து வெளியே வந்தார். ஏன் எழுந்தார்? அந்தக் கேள்வியை அன்றிலிருந்து அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். தொண்டை என்னுது, நான் ஏன் வெளிய போகணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டர் என்ன கழுத்தைப் பிடித்தா தள்ளியிருப்பார்? ஆனால் கால் எழுந்துகொண்டது. பெரிய மனுஷன் 'கொஞ்சம் வெளிய இருங்க' என்றால் நம் ஜனங்களின் கால் தானாக எழுந்துகொள்ளும், புத்தி பிறகுதான் வரும். பால் நிறக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். உள்ளே டாக்டரின் கை மேலும் கீழும் போவது நிழலாகத் தெரிந்தது. மகனின் நிழல் அசையவே இல்லை. வெளியே வந்தவன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னான். நோயின் பேரை அவனும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை, மருமகளும் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லாததிலிருந்தே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அவர் பயப்படவில்லை, அல்லது எல்லாரும் பயப்படுகிற அளவுக்குத்தான் பயந்தார். அவர் தெரிந்துகொள்ள நினைத்தது வேறு. எதை எடுக்கப் போகிறார்கள்? எடுத்த பிறகு என்ன மிஞ்சும்? கணக்கு வாத்தியாராக இருக்கிற மகன், பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குப் படிப்படியாக விளக்குகிறவன், பெற்ற தகப்பனுக்கு ஒரு வரி விளக்கக் கூடாதா?

ஒரு வரி வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நேற்று மத்தியானத்திலிருந்து அவர் வாய்க்குள்ளேயே சுற்றுகிறது. எதிர்க்கட்டிலில் ஒருத்தர் இருந்தார், தன் வயதுதான் இருக்கும், மாயவரம் பக்கம். கழுத்தில் வெள்ளைத் துணியை மப்ளர் மாதிரி கட்டியிருந்தார். முதலில் சளிக்குக் கட்டியிருக்கிறார் என்றுதான் கலியமூர்த்தி நினைத்தார். மனைவி ஜன்னல் பக்கம் எதையோ அலசிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ரெண்டு தட்டுத் தட்டினார். "கேக்குது, கேக்குது" என்றாள் அவள் திரும்பாமலே. மறுபடி ரெண்டு தட்டு. "கேக்குதுங்கறேன்ல, செவிடா நான்?" அவள் கோபித்ததும் அவர் சிரித்தார். தோள் குலுங்கியது, கண் சுருங்கியது, வாய் நன்றாகத் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த அம்மாள் தண்ணீர் எடுக்க அவர் கட்டிலைத் தாண்டிப் போனபோது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன ஆபரேஷன்ம்மா?" அவள் சாதாரணமாகச் சொன்னாள். "தொண்டையில கட்டின்னாங்க அய்யா. சின்னக் கட்டிதான்னு சொன்னாங்க." சொல்லிவிட்டு அவர் கழுத்தை ஒரு தடவை பார்த்தாள். பார்த்த பிறகு வேறு எதுவும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று ராத்திரி அவர் சோறு இறங்கவில்லை என்றதற்கு, ஆபரேஷன் பயம் என்று மதி சொன்னான்.

இருக்காது. எல்லாருக்கும் ஒரே கட்டியா? அவருக்கு அது பெரிதாக இருந்திருக்கும், இவருக்குச் சின்னது. ஆனால் அவருக்கும் சின்னது என்றுதானே சொன்னார்கள். இப்படியே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். வேறு எதையாவது நினைக்கலாம் என்று கண்ணை மூடினால் கை பழக்கத்துக்குப் பத்திரம் எழுத ஆரம்பித்தது. சொத்து விவரம் இல்லாத பத்திரம் பத்திரமே இல்லை. எதைக் கொடுக்கிறோம் என்று நான்கெல்லை சொல்லியாக வேண்டும். அந்த ஆறு பக்கத்தில் எங்காவது நான்கெல்லை இருக்குமா? இருந்தால் எப்படி எழுதியிருப்பார்கள்? மேற்படி கலியமூர்த்திக்குப் பாத்தியமான, அவர் அனுபவத்தில் இருந்து வரும் தொண்டைக்கு வடக்கே நாக்கு, தெற்கே நெஞ்செலும்பு, கிழக்கே இடது காது, மேற்கே வலது காது, இந்நான்கெல்லைக்குள் அடங்கிய சகலமும். இந்தச் 'சகலமும்'தான் ஆபத்தான இடம். நிலத்தை விற்றவன், கிணறு எனக்கு என்று பிறகு வந்து நிற்பான். அய்யா, சகலமும் என்று எழுதியிருக்கிறதே, கிணறும் போச்சு, மாமரமும் போச்சு, வழிநடைப் பாத்தியமும் போச்சு என்று அவர்தான் சொல்லி அனுப்புவார். வழிநடை என்றால் மூச்சு. மூச்சுக்கு வேறு வழி வெட்டிக் கொடுப்பார்கள், துணிக்குள்ளே. மாமரம் எது? காலையில் பேப்பரை உரக்கப் படிப்பது. பேத்தி பள்ளிக்கூட வேனுக்குத் தாமதமானால் வாசலிலிருந்து ஒரு அதட்டல். செத்துப்போன மனைவி பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் நின்று, யாரும் இல்லாதபோது, "வரட்டுமாடி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. இருமினால் இருமல் சத்தம், அதுகூட. அவர் இருமிப் பார்த்தார். சத்தம் வந்தது. கரகரத்த அசிங்கமான சத்தம்தான். அதைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

தையல்நாயகியை நினைக்கக் கூடாது என்று அவர் கறாராக இருந்தார். அதனாலேயே அவள் வந்தாள். இருபது வருஷம் இருக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடுவில் அவளை உட்கார வைத்துக் கொட்டகைக்குக் கூட்டி வந்தார்கள். தலையில் ஈரம் காயவில்லை. அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். எழுதினது விடுதலைப் பத்திரம். தகப்பன் சொத்தில் எனக்குள்ள பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுவிட்டேன் என்கிற பத்திரம். பட்டாவில் பேர் மாற்றுவதற்கு என்று வீட்டில் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள், அது கலியமூர்த்திக்கும் தெரியும். தெரியாது என்று அவர் சாமி முன்னால் சத்தியம் பண்ண முடியாது. அவர் வாசித்தார். கம்பீரமாக, நிறுத்தாமல், மழை தகரத்தில் கொட்டுகிற மாதிரி வாசித்தார். அவள் நடுவில் ஒரு தடவை, "என்ன எழுதியிருக்கு அய்யா?" என்று கேட்டாள். அவள் வாய் மட்டும்தான் கேட்டது, கண் அண்ணன் பக்கம் இருந்தது. இவர் என்ன சொன்னார்? "அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேம்மா" என்றார். இடது கைப் பெருவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றி, இன்ட்டு போட்ட இடத்தில் வைத்து அழுத்தினார். அவள் விரல் மரத்துப்போன மாதிரி கிடந்தது. ஆறு வருஷம் கழித்துப் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், வீட்டுக்குள் விடவில்லை என்று நேரே இவர் மேஜைக்கு வந்து நின்றாள். சண்டை போடவில்லை. "அன்னிக்கு நீங்க வாசிச்சீங்களே, அதுல இது இருந்துச்சா அய்யா?" என்று மட்டும் கேட்டாள். "இருந்துச்சும்மா." "எனக்குக் கேக்கலையே" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். திட்டியிருந்தால் இவர் அன்றைக்கே மறந்திருப்பார். வாசிக்கக் கேட்டு என்று எழுதியதில் வாசித்தது நிஜம்தான், அதற்கு இவர் பொறுப்பு. கேட்டாளா என்பது யார் பொறுப்பு? இருபது வருஷமாக இவர் தனக்குச் சாதகமாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தார். இப்போது பச்சைத் துணியில் படுத்துக்கொண்டு அதைப் படித்தால் ஒரு வரிகூட நிற்கவில்லை. அட பாவி, அந்தப் பொண்ணு கேட்டாளே, உன்னைத்தானே கேட்டாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. தள்ளி வந்தவர் ஐம்பது வயதுக்காரர், காக்கிச் சட்டை, காதில் செருகிய பஞ்சு. கலியமூர்த்தியை உற்றுப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்க நம்மூரு ரைட்டர்தானே? என்னத் தெரியலையா, பக்கிரிசாமி, மேலத்தெரு. எங்க மனைக்கட்டுப் பத்திரம் நீங்கதான் எழுதுனீங்க" என்றார். அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தும்போதுகூடப் பேச்சை விடவில்லை. "கைய வெக்கப் போனேன், படிக்காம வெக்கிறியேடா மடையா, கெணத்துமேட்டுல கண்ண மூடிக்கிட்டு நடக்கறியான்னு என்னா திட்டுத் திட்டுனீங்க! அப்பறம் நீங்களே வாசிச்சீங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்கிதுங்க அய்யா. தேவாரம் மாதிரி இருந்துச்சு." சிஸ்டரிடமும் சொன்னார்: "சிஸ்டர், இவரு லேசுப்பட்ட ஆளு இல்ல. ஒரு புள்ளி விடாமப் படிக்காம இவருகிட்ட ஒரு பேப்பரும் நவராது." சிஸ்டர் ஜெசிந்தா, "அப்படியா தாத்தா?" என்று சிரித்தாள். கலியமூர்த்தியும் சிரித்து வைத்தார். வண்டி புறப்பட்டது. விட்டத்துக் குழல் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே வந்து பின்னால் போயின. கேட்டுவிட வேண்டும். இந்த விளக்குக்குள் கேட்டுவிட வேண்டும், சரி, அடுத்த விளக்குக்குள். என்னம்மா பண்ணப் போறீங்க எனக்கு என்று கேட்க நாலு வார்த்தை வேண்டும், அந்த நாலும் நாக்கில்தான் இருந்தன. கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதுதான் பயம். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். பிறகு சரி என்றோ வேண்டாம் என்றோ இவர்தான் சொல்ல வேண்டும், செத்தாலும் பிழைத்தாலும் இவர் கணக்கு. கேட்காதவரை மகன் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். ஓகோ, இதற்குத்தானா அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள் அவளும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது அவர் குற்றத்தைக் குறைத்ததா கூட்டியதா என்று பார்ப்பதற்குள் விளக்குகள் முடிந்துவிட்டன.

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் வண்டியை நிறுத்தினார்கள். குளிர் எலும்பில் ஏறியது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள். மூன்று வாரத்தில் அவர் கண்ணைப் பார்த்துப் பேசிய முதல் டாக்டர் அவள்தான். "வணக்கம்யா. உங்க பேரு சொல்லுங்க?" சொன்னார். வயது கேட்டாள், சொன்னார். காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள், இல்லை என்றார். பிறகு அவள் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டுக் கேட்டாள். "இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணப் போறோம்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களாய்யா? ஃபாரத்துல இருக்கறதெல்லாம் தெரியும்ல உங்களுக்கு? தெரியலன்னா சொல்லுங்க, ஒண்ணும் அவசரம் இல்ல, நான் இருந்து சொல்றேன்." இதோ, கேட்டுவிட்டாள். மூன்று வாரமாக அவர் யாரிடம் கேட்பது என்று தவித்தாரோ அந்தக் கேள்வி தானாக நடந்து வந்து அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தெரியாது என்று நாலு எழுத்து. அவர் வாயைத் திறந்தார். தலைமாட்டில் பக்கிரிசாமி நின்றார், கையை வண்டிக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, நம்மூரு ரைட்டர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு பெருமையோடு. பக்கத்தில் சிஸ்டர். ஒரு புள்ளி விடாமல் படிக்கிறவர், தன் கழுத்துக்கு எழுதின பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வந்து படுத்திருக்கிறார் என்றால்? ஊருக்குப் போய்ச் சொல்வானே இவன். இந்த அற்பத்துக்கா என்று பின்னால் யாராவது கேட்டால் கேட்கட்டும். அந்த நொடியில் அது அற்பமாக இல்லை, அதுதான் அவராக இருந்தது. "தெரியும்" என்றார் கலியமூர்த்தி. கரகரவென்று, ஆனால் நல்ல உறுதியாகவே வந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதுய்யா. முக்காவாசிப் பேருக்கு வீட்டுல சொல்றதே இல்ல. மயக்கம் தெளிஞ்சதும் பேச வராம அவங்க தவிக்கறதப் பாத்தா எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். நீங்க தைரியமா தெரிஞ்சே வந்திருக்கீங்க." அவர் தோளைத் தட்டினாள், மகள் தட்டுகிற மாதிரி. "குரல் போனாலும் உயிர் நிக்கும்யா. கொஞ்ச நாள் எழுதிக் காட்டுங்க, அப்பறம் மிஷின் வெச்சுப் பழகிக்கலாம். இப்ப பையன்கிட்ட ஏதாவது பேசணும்னா பேசிடுங்க. ரெண்டு நிமிஷம் கூப்பிடறேன்." சொல்லிவிட்டு அவளே கதவைத் திறந்துகொண்டு போனாள். கலியமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆக, அதுதான். கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள்.  ஒரு கோபம் எழுந்தது, மதி மேலே. தெரிந்தே வைத்திருந்தாயே, மூன்று வாரம். மூன்று வாரத்தில் எத்தனை பேர்களைக் கூப்பிட்டிருப்பேன், எதையெல்லாம் சொல்லி வைத்திருப்பேன். உன் அம்மா படத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது நின்று.

அவளுக்குப் பின்னாலேயே மதி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி தயங்கித் தயங்கி வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. "பயப்படாதீங்கப்பா, சின்னக் கட்டிதான்" என்றான், அதே சுவரைப் பார்த்து. ரெண்டு நிமிஷத்தில் அரை நிமிஷம் அதற்கே போய்விட்டது. கலியமூர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கோபத்தோடுதான் பிடித்தார். "மதி. இதுக்கப்பறம் எனக்குப் பேச வராதுடா. குரலையே எடுக்கறாங்க. தெரியுமா உனக்கு?" அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு மகன் முகத்தை அவர் நேராகப் பார்த்தார். அதில் ரத்தம் இல்லை. வாய் பாதி திறந்து, என்னப்பா சொல்றீங்க என்று கேட்பதற்கு உதடு கூடிவந்தது. அவன் அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தான், சிஸ்டர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தான், அதில் ஆறு இடத்தில் தான் போட்ட கையெழுத்து இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உதடு மூடிக்கொண்டது. "தெரியும்ப்பா" என்றான். "டாக்டர் எல்லாம் சொன்னாரு." எவனும் நம்பிவிடுவான், அவ்வளவு திருத்தமாகச் சொன்னான். அப்பனைக் கொண்ட பிள்ளை. அந்த முகம் கலியமூர்த்திக்குப் புதிதில்லை. நாற்பத்தோரு வருஷம் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த முகம் அது. அவனுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் டாக்டர் நோயின் பேரைச் சொன்னதோடு பிள்ளைக்குக் காது அடைத்துப் போயிருக்கும், அதற்கப்புறம் இருபது நிமிஷம் சொன்னது எதுவும் விழுந்திருக்காது. காட்டின இடத்தில் போட்டிருக்கிறான்.

"போலாங்களா?" என்றாள் அந்தப் பெண், ரெண்டு பேரையும் பார்த்து. ரெண்டு பேருமே தலையாட்டினார்கள். பக்கிரிசாமி வண்டியின் பிரேக்கைக் காலால் தட்டி விட்டார். மதியின் மணிக்கட்டு அவர் கையிலிருந்து மெதுவாக நழுவியது. அவன் பிடித்துக்கொள்ளவில்லை, அவரும் விடமாட்டேன் என்று சொல்லவில்லை. உள்கதவுக்கு இருபது அடி இருந்தது. அதுவரைக்கும் அவருக்குக் குரல் இருந்தது. நிறுத்துங்கம்மா, அதக் கொண்டாந்து மொதல்லேர்ந்து வாசிங்க, நாங்க ரெண்டு பேருமே கேக்கல என்று சொல்ல அந்தத் தூரம் தாராளமாகப் போதும். வண்டி போய்க்கொண்டே இருந்தது. கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.